தென்தீவுக் குளிரில் கேம்பர்வேன்: ஜன்னல் தடுப்பு முதல் சக்கரச் சங்கிலி வரை

ஜூன் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரின் சாங்கியில் விமானம் ஏறினால் பத்து மணி நேரத்தில் கிறைஸ்ட்சர்ச். அங்கே ஒரு கேம்பர்வேனை (படுக்கையும் அடுப்பும் உள்ள வேன்) வாடகைக்கு எடுத்து டெக்காப்போ, வானக்கா, குவீன்ஸ்டவுன் என்று நியூசிலாந்தின் தென்தீவைச் சுற்றுவது நமக்குப் பெரிய சிரமமில்லை. சாலையில் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்; நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பும் வேண்டாம். ஒரே சிக்கல், ஜூன் அங்கே நடுக்குளிர்காலம். இருவர் படுக்கும் டீசல் வேனுக்கு, பத்து இரவுகளுக்கு என்னென்ன செய்தோம், எது சரியாக வந்தது, எது வரவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

போகிறவர்கள் எல்லாரும் கேட்பது, "குளிர் தாங்குமா?" தாங்கும். டீசல் ஹீட்டர் ஓடும் வேனுக்குள் வெறும் பனியனோடு தூங்கலாம். பயணத்தைக் கெடுப்பது ஈரம். மூன்றாம் நாள் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கும், ஐந்தாம் நாள் போர்வையில் நாற்றம் வரும், ஏழாம் நாள் அலமாரியில் வைத்த துணி ஒட்டும்.

ஈரம் நமக்குப் புதிதில்லைதான். ஆனால் இங்கே அது வெளியிலிருந்து வருகிறது. ஏர்கான் போட்டால் ஜன்னலை இறுக்கி மூடிப் பழகியிருக்கிறோம். அங்கே கணக்கு தலைகீழ். பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 18 டிகிரியில் 15 கிராம். நம் ஊர் 30 டிகிரியில் 30 கிராம். வெளியே மழையே பெய்தாலும், அந்தக் குளிர்காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் வறண்ட காற்றாகிவிடும். ஈரம் வருவது நம் மூச்சிலிருந்தும் அடுப்பிலிருந்தும்.

வேனுக்குள் இருக்கும் காற்று சுமார் 12 கன மீட்டர். 18 டிகிரியில் அது முழுக்கத் தாங்கக்கூடியது 180 கிராம் நீராவி, ஒரு டம்ளர் தண்ணீர். இருவர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் தோலிலும் விடும் நீர் அரை லிட்டரைத் தாண்டும். மீதி எங்கே போகும்? கண்ணாடிக்கும், கதவின் இரும்புச் சட்டத்துக்கும், மெத்தைக்கு அடியிலுள்ள பலகைக்கும். கூரைத் திறப்பை இரண்டு விரல் அகலம் இரவு முழுக்கத் திறந்து வைப்பதுதான் மருந்து. சூடு வீணாகுமே என்று கை தயங்கும். மணிக்கு 20 கன மீட்டர் காற்று மாறுகிறது என்று வைத்தால், அதைப் பூஜ்ஜியத்திலிருந்து 18 டிகிரிக்கு ஏற்ற ஆகும் சக்தி ஏறக்குறைய 120 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்கு ஆனது. ஹீட்டரின் திறனோ 2,000 வாட். அந்த 20 கன மீட்டரும் மணிக்கு நூறு கிராம் நீராவியையாவது வெளியே கொண்டுபோகும். இதைவிட மலிவான ஈர நீக்கி கடையில் கிடையாது. பேரங்காடியில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் நான்கைச் சுமந்து போவது பெட்டிக்குத்தான் கேடு. அவை வாரக்கணக்கில் மெதுவாக வேலை செய்பவை. ஓர் இரவின் மூச்சுக்கே ஈடுகொடுக்காது.

ஜன்னல் தடுப்பு

சிங்கப்பூரிலேயே செய்து கொண்டுபோக வேண்டிய ஒரே பொருள் இது. முன்பதிவு முடிந்ததும் வேனின் மாடல், ஆண்டு, ஒவ்வொரு ஜன்னலின் அகலம், உயரம் எல்லாவற்றையும் வாடகை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். ஜன்னல்கள் கண்ணாடியா, இரட்டை அக்ரிலிக்கா என்பதையும் கேளுங்கள். இரட்டை அக்ரிலிக் என்றால் பின்பகுதிக்குத் தடுப்பு அவ்வளவு முக்கியமில்லை, ஓட்டுநர் பகுதியை மட்டும் பார்த்தால் போதும். சரக்கு வேனை மாற்றியமைத்த வண்டிகளில் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடிதான்.

இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டிய 5 மி.மீ. நுரைத் தாள், 1.2 மீட்டர் அகலத்தில் 5 மீட்டர் நீளம் வாங்கினோம். எடை ஒரு கிலோகூட வராது, ஆனால் சுருட்டினால் 30 லிட்டர் இடத்தை அடைக்கும். 10 மி.மீ. தாள் இன்னும் நன்றாகக் காக்கும் என்பது உண்மைதான். அதற்குத் தனியாக ஒரு பெட்டி வேண்டும்.

எதையும் ஒட்டுவதற்கு முன் வீட்டு ஃப்ரீசரில் சோதித்துவிடுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் குளிர்காலம் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். சாதாரண பிளாஸ்டிக் உறிஞ்சு கிண்ணத்தை ஓர் இரவு உள்ளே வைத்தால், காலையில் அதன் உதடு நகம்போல விறைத்திருக்கும். கண்ணாடியில் அழுத்தினால் பிடிக்காது. சிலிகான் கிண்ணம் அதே குளிரில் மெத்தென்று இருக்கும். இருபக்கம் ஒட்டும் டேப் பாதிக்குப் பாதி உரிந்து வந்தது. தையல் மட்டும் அப்படியே நின்றது. அதனால் ஓரங்களுக்கு டேப்பை விட்டுவிட்டுத் துணிநாடா வைத்துத் தைத்தோம்.

அளவை ஜன்னலைவிட நாலாபுறமும் 3 செ.மீ. பெரிதாக வெட்டிக்கொண்டு போய், வண்டியை எடுத்த அன்றே அங்கே வைத்துப் பார்த்து நறுக்குவது நல்லது. (கத்தரிக்கோல் சரக்குப் பெட்டியில் இருக்கட்டும்.) அப்படி நறுக்கப்போகும் ஓரங்களுக்கு நாடாவையும் அங்கேயே தைத்துக்கொள்ளலாம். கடைசி அளவு சட்டத்தைவிட 5 மி.மீ. மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் சட்டத்துக்குள் தானாக இறுகி நிற்கும். அதற்கு மேல் பெரிதானால் நடுவில் வயிறு தள்ளும், ஓரத்தில் சந்து விழும். ஓட்டுநர் கதவுகளின் சட்டம் இரும்பு என்பதால் அங்கே காசு அளவு காந்தங்களைத் துணிநாடாவுக்குள் வைத்துத் தைத்தால் பிடித்துக்கொள்ளும். பின்பகுதியின் உட்சுவர் பலகையும் பிளாஸ்டிக்கும். காந்தம் அங்கே ஒட்டாது.

ஓரச் சந்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. தடுப்பு போட்டதும் கண்ணாடி முன்பைவிடக் குளிர்ந்துவிடுகிறது, உள்ளிருக்கும் சூடு அதை எட்டுவதில்லை. சந்து வழியாகப் புகும் ஈரக்காற்று அங்கே போய் உறைபனியாகப் படியும். காலையில் ஹீட்டரைக் கூட்டிவிட்டுத் தடுப்பை எடுத்தால் அத்தனையும் உருகி மெத்தையில் வடியும். முறையை மாற்றுங்கள்: ஹீட்டர் குறைவாக இருக்கும்போதே தடுப்பை எடுத்து, பனி பொடியாக இருக்கையில் பழைய ஈசிலிங்க் பயண அட்டையால் சுரண்டி ஒரு டப்பாவில் பிடிக்கவும். ஒரு ஜன்னலுக்கு ஒரு நிமிடம். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடைப்பு. அந்தத் துணியை உள்ளே காயப்போட வேண்டாம். பிழிந்த தண்ணீர் மறுபடி காற்றுக்கே திரும்பும்.

முன்கண்ணாடி ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர். அதற்குத் தடுப்பு வெட்டுவதைவிட, ஓட்டுநர் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு கனத்த போர்வையைக் கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டு அந்தப் பகுதியையே பிரித்துவிடுவது மேல். முன்பகுதி உறைந்து கிடக்கட்டும். காலையில் இஞ்சினை ஓடவிட்டுச் சூடான காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் கால்மணி நேரத்தில் தெளியும். அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். வைப்பரை இரவே தூக்கி நிறுத்திவிடவும். கண்ணாடி கழுவும் டேங்கில் நாம் பழக்கமாக வெறும் தண்ணீர் ஊற்றுவோம். அங்கே அது குழாயிலேயே உறையும். பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் உறையாத திரவத்தை முதல் நாளே ஊற்றி, பழைய தண்ணீர் தீரும்வரை பீய்ச்சிவிடுங்கள்.

ஹீட்டர்

டீசல் ஹீட்டர் வேனின் டேங்கிலிருந்தே எரிபொருள் எடுக்கும். மணிக்கு 0.12 முதல் 0.24 லிட்டர். சாயங்காலம் ஆறிலிருந்து காலை எட்டுவரை ஓடினால் சுமார் இரண்டு லிட்டர். ஆனால் அதன் உறிஞ்சு குழாய் டேங்கின் அடிவரை போகாது. வண்டி நடுக்காட்டில் நின்றுவிடக் கூடாது என்று வேண்டுமென்றே உயரத்தில் முடித்திருப்பார்கள். கால் டேங்குக்குக் கீழே போனால் இஞ்சின் ஓடும், ஹீட்டர் ஓடாது. நள்ளிரவில் ஹீட்டர் நின்றது என்றால் பல முறை இதுதான் காரணம்.

அடுத்த காரணம், பேட்டரி. எரியத் தொடங்கும்போது உள்ளே உள்ள பழுக்கும் கம்பி இரண்டு மூன்று நிமிடம் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். பிறகு ஓட்டத்தில் ஓர் ஆம்பியர் சொச்சம்தான். பேட்டரி சோர்ந்திருந்தால் அந்த முதல் நிமிடங்களில் வோல்ட் சரிந்து, விசிறி மட்டும் சுற்றி, அணைந்துவிடும். ஆகவே ஹீட்டரை நள்ளிரவில் எழுந்து போடாதீர்கள். சாயங்காலம், வண்டி ஓடி பேட்டரி நிறைந்திருக்கும்போதே போட்டு, இரவு 15 டிகிரியில் விட்டுவிடுங்கள். நிறுத்தி நிறுத்திப் போடுவதுதான் பேட்டரியைத் தின்னும்.

அணைந்தால் பார்க்க வேண்டிய வரிசை: டீசல் அளவு, பேட்டரி வோல்ட் (12.2-க்குக் கீழே என்றால் பாதி காலி), வண்டிக்கு அடியிலுள்ள புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா. எரியும்போது கேட்கும் டிக்-டிக் சத்தம் எரிபொருள் பம்ப். விசிறி சுற்றியும் அது கேட்கவில்லை என்றால் எரிபொருள் பக்கம் கோளாறு. திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தாதீர்கள். சில தோல்விகளுக்குப் பிறகு கருவி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும், அப்புறம் பணிமனைதான் கதி. அணைத்த பிறகும் விசிறி சில நிமிடம் சுற்றும். அது முடியும்வரை முதன்மை மின்சுவிட்சைத் தொடக்கூடாது.

100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி என்று தாளில் இருந்தால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். குளிரில் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் 17 ஆம்பியர்-மணி, குளிர்பெட்டி 12, விளக்கும் பம்பும் 5, இரண்டு கைப்பேசி 3. ஓர் இரவுக்குச் சரியாகப் போயிற்று. ஜூன் வெயிலில் கூரைச் சூரியத்தகடு பெரிதாக எதுவும் தராது. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும், அல்லது மூன்று இரவுக்கு ஒரு முறை மின்சாரம் உள்ள முகாமில் தங்க வேண்டும். அங்கே மின்சாரம் நம்மைப்போல 230 வோல்ட்தான். பிளக் மட்டும் சாய்ந்த தட்டைக் கால்கள். அடாப்டர் போட்டால் நம் ரைஸ் குக்கர் வேலை செய்யும். பேட்டரியில் போட நினைக்க வேண்டாம்.

அடுப்பு

ஸ்டீம்போட் அடுப்புக்கு இங்கே வாங்கும் கேஸ் டப்பாவில் பெரும்பாலும் பியூட்டேன். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் அது ஆவியாகாது. டப்பாவைக் குலுக்கினால் களக் களக் என்று கேட்கும், அடுப்பில் தீ மட்டும் வராது. புரொப்பேன் கழித்தல் 42 டிகிரிவரை ஆவியாகும். வேனின் சிலிண்டரில் இரண்டின் கலவை இருக்கும். புரொப்பேன் முதலில் தீர்ந்து பியூட்டேன் அடியில் தங்கும். அதனால்தான் சிலிண்டர் கடைசிக் கட்டத்தை நெருங்கும்போது உறைபனிக் காலைகளில் தீ சுருங்குகிறது. காலியாகும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடலாம். தீ வரவில்லை என்று டப்பாவை அடுப்பருகே சூடுகாட்டுவது வெடிக்கும் விளையாட்டு. வேனைச் சூடாக்கக் கேஸ் அடுப்பை எரியவிடுவதும் கூடாது: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எச்சரிக்கைக் கருவியின் சோதனைப் பொத்தானை முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.

ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் நீராவியாக வரும். அதன்மேல் இட்லிப் பானையை ஏற்றினால் கூரையிலிருந்து சொட்டும். இட்லியை மின்முகாமின் பொதுச் சமையலறைக்கு ஒத்திவைத்துவிடலாம். வேனுக்குள் சமைக்க ஏற்றது நம் வீடுகளில் கஞ்சிக்கும் சூப்புக்கும் வைத்திருக்கும் வெப்பக்காப்புப் பாத்திரம். வெண்பொங்கலுக்கு அரிசி ஒரு கப், பாசிப்பருப்பு அரை கப், தண்ணீர் நாலரை கப். பத்து நிமிடம் கொதித்ததும் வெளிப்பாத்திரத்துக்குள் இறக்கி மூடி ஒன்றரை மணி நேரம். ஆவி வெளியே வராது, கேஸும் மிச்சம். தாளிப்பதற்குக் கதவைத் திறந்து வையுங்கள். பெருங்காய வாசனை போர்வையில் ஏறினால் வண்டியைத் திருப்பித் தரும்வரை போகாது. நல்லெண்ணெய் எடுத்துப் போகலாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது, அங்கே புட்டியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கொண்டுபோகும் உணவு எதுவானாலும் நியூசிலாந்துப் பயணி அறிவிப்பில் (NZTD) சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து வெள்ளி (டாலர்) அபராதம். மெக்ரிச்சிக் காட்டுப்பாதையில் நடந்த சேறு ஒட்டிய காலணிக்கும் இதே கதைதான். கழுவி, காயவைத்து எடுத்துப் போங்கள்.

தண்ணீர்

காலையில் வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கிடக்கிறது, பம்ப் நிற்காமல் உறுமுகிறது, குழாயில் வரத்தில்லை. குழாய் வெடித்துவிட்டது என்றுதான் தோன்றும். பெரும்பாலும் வெடித்திருக்காது. ட்ரூமா வகை வெந்நீர்க் கொதிகலன்களில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. சுற்றிலும் 3 டிகிரிவரை குளிர்ந்தால் அது தானாகத் திறந்து, உறைந்து வெடிப்பதற்கு முன் தண்ணீரை வெளியே விட்டுவிடும். முதலில் பம்பை அணையுங்கள், இல்லையென்றால் டேங்க் முழுவதும் அந்த வழியே போய்விடும். ஹீட்டரைப் போட்டு, அந்த வால்வு இருக்கும் அலமாரியின் கதவைத் திறந்து வையுங்கள். 7 டிகிரியைத் தாண்டாமல் வால்வு மூடி நிற்காது. அதற்குள் விரலால் அழுத்திப் பயனில்லை. தாண்டியதும் குமிழை அழுத்தி மூடி, பம்பைப் போட்டு, குழாயில் காற்று வெளியேறித் தண்ணீர் சீராக வரும்வரை திறந்து வைத்து, அதன் பிறகே கொதிகலனைப் போட வேண்டும். இரவில் அலமாரிக் கதவை ஒரு விரல் திறந்து வைத்தால் இந்தக் கூத்தே இல்லை.

தண்ணீர் நிரப்பியதும் ஹோஸைக் கழற்றி, வடியவிட்டுச் சுருட்டவும். முகாம் குழாய்கள் காலை பத்து மணிவரைகூட உறைந்திருக்கும், சாயங்காலமே நிரப்புவது நல்லது. கழிவுநீர் டேங்க் வண்டிக்கு அடியில் திறந்த குளிரில் தொங்குகிறது. நிறையவிடாமல் கழிவிடங்களில் அடிக்கடி காலி செய்யுங்கள். தரையில் திறந்துவிடக் கூடாது.

டீசலும் சாலையும்

கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு துகளாகி வடிகட்டியை அடைக்கும். மலைப்பகுதி நிலையங்களில் குளிருக்கென்று தயாரித்த டீசல் விற்பார்கள். கடற்கரை ஊரில் முழு டேங்க் நிரப்பிக்கொண்டு மலையில் இரவு தங்காமல், பாதியோடு ஏறி மேலே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் சங்கிலி, இஞ்சின் சுழற்றும் இழுவைச் சக்கரங்களுக்குத்தான். ஃபியட் டுகாட்டோ வேனுக்கு முன்சக்கரம், மெர்சிடிஸ் ஸ்பிரிண்டருக்குப் பெரும்பாலும் பின்சக்கரம். வண்டியை எடுக்கும்போதே பெட்டியைத் திறந்து, அதன்மேல் போட்ட அளவும் டயரின் பக்கச்சுவரில் உள்ள அளவும் (225/75 ஆர் 16 என்பதுபோல) ஒன்றா என்று பார்த்து, அங்கேயே ஒரு தடவை மாட்டிக் கழற்றுங்கள். பனியில் முதல் முறை செய்தால் அரைமணி நேரம் ஆகும், விரல் மரத்துவிடும். கம்பளிக் கையுறைமேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, மண்டியிட ஒரு பழைய பாய். வளைய வகையில், வளையத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் தரையோடு தள்ளி, இரு முனைகளையும் மேலே தூக்கி உட்பக்கம் பூட்டவும். பிறகு வெளிப்பக்கக் கொக்கி. பிறகு இறுக்கும் சங்கிலி. சங்கிலி முறுக்கியிருந்தால் பத்து மீட்டரில் அவிழும். நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குவதை விட்டுவிடாதீர்கள், தொங்கும் நுனிதான் பிரேக் குழாயை அறுக்கும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். வெறும் தார் தெரிந்ததும் கழற்றிவிடவும்.

ஜூனில் டெக்காப்போவில் எட்டு மணிக்குப் பிறகுதான் விடியும், ஐந்து மணியைத் தாண்டியதும் இருட்டும். ஏழுக்கு ஏழு பழகிய நமக்கு நாள் சட்டென்று முடிந்துவிடும். காலை பத்திலிருந்து மாலை நாலுவரைதான் ஓட்டும் நேரம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். பாலங்களும் மலை நிழல் விழும் வளைவுகளும் மதியம்வரை உறைந்திருக்கும். அங்கே பிரேக்கைத் தொடாமல், வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து இஞ்சினாலேயே வேகத்தை இறக்க வேண்டும். 971 மீட்டர் உயர லிண்டிஸ் கணவாயைக் கடக்கும் நாளில் நியூசிலாந்துப் போக்குவரத்து முகமையின் சாலை நிலவரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மில்ஃபர்ட் சாலைக்கு மே முதல் நவம்பர்வரை சங்கிலி வண்டியில் இருந்தே ஆக வேண்டும். குளிர்காலத்தில் அந்தச் சாலைக்குக் காப்புறுதி செல்லுமா என்பதை வாடகை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். இரவில் ஈரச் சக்கரத்தோடு கைப்பிரேக் போட்டால் கம்பி உறைந்து காலையில் விடாது. சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது போதும்.

திரும்பி வந்ததும் முதல் வேலை, தடுப்புத் தாள்களை விரிப்பது. கடைசிக் காலையின் ஈரம் துணிநாடாவில் இருக்கும். சுருட்டியபடியே பெட்டியில் விட்டால் இங்கே இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். துணி காயப்போடும் மூங்கில் கழியில் ஒரு பகல் தொங்கினால் சரியாகிவிடும். தாள் காற்றில் பறக்காமல் இருக்க நாலைந்து கிளிப் கூடுதலாகப் போடுங்கள்.